பாதாளச் சாக்கடையைப் பள்ளத்திலிருந்து தோண்டுங்கள்

நகராட்சிகளில் பாதாளச் சாக்கடைத் திட்டம் என்றாலே ஜனங்கள் முகம் சுளிக்கிறார்கள். பணம் போதாதது, கமிஷன் என்று காரணம் சொல்வோம். அவையும் உண்டுதான். ஆனால் என் கணிப்பில் முதல் குற்றவாளி வேலை நடக்கிற வரிசை. அந்த வரிசையைப் பொறியியல் தீர்மானிப்பதில்லை, பில் தீர்மானிக்கிறது.

பைப் பதிப்புக்கு மீட்டர் கணக்கில் பணம். தெருவைத் தோண்டி, பைப்பைப் போட்டு, எம்-புக்கில் (அளவுப் பதிவேட்டில்) ஏற்றிவிட்டால், முடிந்தவரைக்குப் பணம் வாங்கும் ரன்னிங் பில் போடலாம். சுத்திகரிப்பு நிலையம், கழிவுநீரைப் பம்ப் செய்து தள்ளும் உந்து நிலையம், ரயில்வே கிராசிங், வீட்டு இணைப்பு எல்லாம் இழுத்தடிக்கிற வேலைகள், பணமும் மெதுவாகத்தான் வரும். அப்படியானால் காண்ட்ராக்டர் எதை முதலில் தொடுவார்? ஊர் முழுவதையும் ஒரே மூச்சில் கிழித்துப்போடுவார். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விலை கேட்கும் ஐட்டம் ரேட் டெண்டராக இருந்தால் இன்னொரு வித்தையும் உண்டு. தோண்டுவதற்கும் பைப்புக்கும் ரேட்டைத் தூக்கி வைத்து, சாலை சீரமைப்புக்கு அடிமாட்டு ரேட் போட்டிருப்பார்கள். கூட்டிப் பார்த்தால் அவர்தான் எல்-1, அதாவது குறைந்த விலை கேட்டவர். லாபம் முதல் பாதியிலேயே கைக்கு வந்துவிடும். பிறகு ரோடு போட அவரை எத்தனை நோட்டீஸ் விட்டுக் கூப்பிட்டாலும் வரமாட்டார்.

கழிவுநீர் சரிவில்தான் ஓடும். 200 மி.மீ. பைப்புக்கு 250-க்கு 1 வாட்டம் வைத்தால் மீட்டருக்கு 4 மி.மீ. இறக்கம். 30 மீட்டருக்கு ஒரு மேன்ஹோல் என்றால், இரண்டு மேன்ஹோலுக்கு நடுவே மொத்த இறக்கமே 12 செ.மீ.தான். லெவலில் 5 செ.மீ. பிசகினால் ஏறத்தாழ பாதி வாட்டம் போயிற்று. அங்கே கசடு தங்கும், ஒரு வருடத்தில் தெருவில் பொங்கும். சமதளமான ஊரில் 1.2 மீட்டர் ஆழத்தில் தொடங்கும் பைப், ஒரு கிலோமீட்டர் தாண்டும்போது 5.2 மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். அதனால்தான் வழியில் உந்து நிலையங்கள் வேண்டியிருக்கின்றன.

ஆகவே பதிப்பை ஊரின் பள்ளமான பகுதியில், அதாவது உந்து நிலையத்தில் தொடங்கி மேட்டை நோக்கிக் கொண்டுபோக வேண்டும். மேட்டுத் தெருவிலிருந்து இறங்கி வந்தால், கடைசியில் பாறையோ பழைய குடிநீர்க் குழாயோ குறுக்கிடும்போது லெவல் சேராது. அதைச் சரிக்கட்ட வாட்டத்தைத்தான் திருடுவார்கள். பாறை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளச் சோதனைக் குழி போதும். அதற்காகும் செலவு திட்டத்தில் தூசு. அதைக்கூடச் செய்யாமல் எஸ்டிமேட்டில் ‘சாதாரண மண்’ என்று எழுதிவிட்டு, பிறகு கூடுதல் பணம் கேட்டு வேலையை நிறுத்துவது வாடிக்கை.

பைப் போட்ட பள்ளத்தை மூடுவதில்தான் பெரிய மோசடி நடக்கிறது. 15 முதல் 20 செ.மீ. அடுக்கடுக்காக மண் போட்டு, தண்ணீர் விட்டு, ஒவ்வோர் அடுக்கையும் இடித்து இறுக்க வேண்டும். நடப்பது என்ன? ஜேசிபி மொத்த மண்ணையும் ஒரே தள்ளு. மேலே ஒரு நடை ரோலர், முடிந்தது. இதைக் கண்டுபிடிக்கப் பொறியாளராக இருக்க வேண்டாம். 1 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம், 30 மீட்டர் நீளம் தோண்டினால் 45 கன மீட்டர், ஏறத்தாழ 16 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). பைப்பும் அடியில் போடும் மணலும் சேர்ந்து அடைக்கும் இடம் 6 கன மீட்டர்தான். ஒழுங்காக இறுக்கியிருந்தால் மிஞ்ச வேண்டியது சுமார் 2 யூனிட் மண். மூடிய பிறகும் தெரு நீளத்துக்கு மண் மேடு நின்றால், அல்லது லோடு லோடாக மண் வெளியே போனால், உள்ளே இறுகவில்லை என்று பொருள். அக்டோபரில் பருவமழை பிடித்ததும் அந்த இடம் இறங்கும். அதன் மேல் போட்ட தாரும் சேர்ந்து இறங்கும்.

1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கவாட்டில் முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். இது பாதுகாப்பு விதி. சின்ன ஊர்களில் 3 மீட்டர் பள்ளத்தில்கூட வெறும் மண் சுவருக்கு நடுவே ஆள் இறங்குவதைப் பார்க்கலாம். பில்லில் முட்டுக்கான தொகை இருக்கும், பள்ளத்தில் இருக்காது.

மூடுவதற்கு முன் சோதனை. மேல் மேன்ஹோலில் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்கலாம். ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் கண்ணாடி வைத்தால் நேராக இருக்கிறதா என்று தெரியும். பைப்பின் உள்விட்டத்தைவிட 13 மி.மீ. சிறிய பந்தை உருட்டிவிட்டால் அடைப்பும் ஜாயிண்டில் பிதுங்கிய சிமெண்டும் அகப்படும். சில மணி நேர வேலை. இதைச் செய்ததாக எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு அதைவிடக் குறைந்த நேரம் போதும் என்பதுதான் சிக்கல்.

பணம் கொடுக்கும் முறையை மாற்றினால் பாதி சரியாகும். மீட்டருக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதித்தவுடன் 50, சோதனை முடிந்ததும் 20, வீட்டு இணைப்புக்கான பைப் விட்டு ரோட்டையும் போட்ட பிறகு மீதி 30. ஒரு குழு ஒரே நேரத்தில் 300 மீட்டருக்கு மேல் திறந்து போடக்கூடாது. ‘காண்ட்ராக்டர் முதலுக்கு எங்கே போவார்?’ என்பது நியாயமான கேள்வி. சைட்டில் இறக்கிய பைப்புக்கு முன்பணம் கொடுக்கலாம். தோண்டிப் போட்ட தெருவுக்கு முழுப் பணம் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வீட்டு இணைப்பைத் தனி டெண்டராகப் பிரிப்பது என்னைப் பொறுத்தவரை சுத்த முட்டாள்தனம். போட்ட ரோட்டை மறுபடி வெட்ட வேண்டியிருக்கும். இணைப்பு குறைந்தால் பைப்பில் ஓட்டமும் குறையும். உச்ச நேரத்தில் நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது இல்லாவிட்டால் பைப் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளாது. இணைப்புக்கு வீட்டுக்காரர் கட்டும் டெபாசிட்டை ஒரே தவணையில் கேட்டால் செப்டிக் டேங்க் வைத்திருப்பவர் ஏன் வரப்போகிறார்? தவணையில் வாங்கலாம். இணைப்புக் கொடுக்கும் அன்றே மொட்டை மாடி மழைநீர்க் குழாய் அதில் சேரவில்லை என்றும் பார்த்துவிட வேண்டும். மழை நாளில் மேன்ஹோல் மூடி தூக்குவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

மத்திய அரசின் அம்ருத் 2.0 திட்ட நிதியாகட்டும், வேறு நிதியாகட்டும், நகராட்சி மன்றத்துக்குத் தீர்மானம் வரும்போது கவுன்சிலர்கள் வார்டுக்கு எத்தனை மீட்டர் என்று மட்டும் கேட்கிறார்கள். சுத்திகரிப்பு நிலைய இடம் நகராட்சி பெயரில் இருக்கிறதா, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு வந்ததா, ரயில்வேயும் நெடுஞ்சாலைத் துறையும் குறுக்கே போக அனுமதி கொடுத்தனவா, உந்து நிலையத்துக்கு மின் இணைப்பும் ஜெனரேட்டரும் எஸ்டிமேட்டில் உண்டா என்று கேளுங்கள். கடிதம் அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தால், கடிதத்துக்குப் பதில் வரும்வரை ஒர்க் ஆர்டரை நிறுத்தி வையுங்கள்.