ஹீப்ரு எழுத்தில் அரபு மருத்துவம்

யூதர்களின் மொழியான ஹீப்ருவில் உள்ள இடைக்காலச் சுவடிகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அந்தச் சுவடிகள் என்றாலே மத நூல்கள்தான் என்பதுபோல் கட்டுரை போகிறது. அது சரியில்லை. மைமோனிடஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கெய்ரோவில் வைத்தியம் பார்த்த யூத ரபி (மதகுரு) அவர். மருத்துவ நூல்களை அவர் எழுதிய மொழி அரபு. தத்துவ நூலையும் அரபியில்தான் எழுதினார், ஆனால் ஹீப்ரு எழுத்தில். தென் பிரான்சில் இருந்த யூதர்களுக்கு அரபு தெரியாது. அவர்களுக்காக 1204-ல் சாமுவேல் இப்னு திப்பான் அந்தத் தத்துவ நூலை ஹீப்ருவில் பெயர்த்தார். தகப்பன், மகன், பேரன் என்று அந்தக் குடும்பத்துக்கே மொழிபெயர்ப்புதான் தொழில்!

பாரசீக மருத்துவர் இப்னு சீனா அரபியில் எழுதிய மருத்துவப் பெருநூல் 1279-ல் ரோமில் ஹீப்ருவுக்கு வந்தது. இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழக நூலகத்தில் அதன் 15-ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று உண்டு. அந்தப் பிரதியில் உள்ள ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மருந்துக்கடை, அலமாரியில் வரிசையாக ஜாடிகள். நம்மூர் நாட்டுமருந்துக் கடையில் நிற்பதுபோலவே எனக்குத் தோன்றியது.

அப்புறம் ஒன்று. பிளேட்டோவின் 'குடியரசு' நூலுக்கு அரபுத் தத்துவ அறிஞர் இப்னு ருஷ்து எழுதிய உரையின் அரபு மூலம் இன்று கிடைக்கவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் செய்த ஹீப்ரு மொழிபெயர்ப்பு வழியாகத்தான் அது நமக்குக் கிடைத்திருக்கிறது. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லையே!