ஓரத்தை வெட்டாதீர்கள், முதுகையும் ஸ்கேன் செய்யுங்கள்

சோவியத் ராணுவ வரைபடங்களின் ஸ்கேன்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. பலவற்றில் ஓரத்தை வெட்டி எறிந்திருக்கிறார்கள். பார்த்தாலே வயிறு எரிகிறது. தாள் எண், பதிப்பு ஆண்டு, எந்த ஆண்டுத் தகவலை வைத்து வரைந்தது, ரகசிய முத்திரை, அச்சுக் குறியீடு எல்லாம் அங்கேதான் இருக்கும். அது போனபின், படத்தில் உள்ள சாலை 1960களில் இருந்ததா 1980களில் வந்ததா என்று எதை வைத்துச் சொல்வது?

முதுகுப்பக்கம் அதைவிட முக்கியம். 1:2,00,000 தாள்களின் பின்னால் அந்த வட்டாரத்தைப் பற்றி ரஷ்ய மொழியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும்: ஊர்கள், சாலைகள், ஆறுகள், மண், காடு, பருவநிலை. முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்தவர் பாதி ஆவணத்தைத்தான் காப்பாற்றியிருக்கிறார்.

400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), விவரம் இழக்காத டிஃப் கோப்பு போதும். அந்த அளவில் 1:1,00,000 தாளின் ஒரு பிக்சல் தரையில் 6.35 மீட்டர். ஜேபெக் கோப்பைச் சுருக்கும்போது விவரம் போய்விடும், அதை மூலக்கோப்பாக வைக்க வேண்டாம். மலைப்பகுதியில் நெருக்கமாக ஓடும் பழுப்புச் சம உயரக் கோடுகள்தான் முதலில் கலங்கும். மடிப்பு நைந்த தாளை உருளை ஸ்கேனரில் விட்டால் கிழியும். கிழியாவிட்டாலும் நழுவி இழுபடும்.

ஸ்கேனைத் தரையின் ஆயத்தொலைவுகளோடு பொருத்தும்போது நான்கு மூலைகளோடு நிறுத்தக் கூடாது. காகிதம் நீளவாக்கில் ஒரு மாதிரியும் அகலவாக்கில் வேறு மாதிரியும் சுருங்கும். கிலோமீட்டர் கட்டங்கள் சந்திக்கும் இடங்களில் இருபது புள்ளிகளாவது எடுத்து, முதல்படிப் பாலினாமியல் (கோடுகளை வளைக்காமல் படத்தை நீட்டி, திருப்பிப் பொருத்தும் சமன்பாடு) போடுங்கள். மூன்றாம் படி போட்டால் பிழை எண் அழகாகக் குறையும், ஆனால் புள்ளி இல்லாத இடங்களில் படம் வளைந்துவிடும்.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். சோவியத் எண்முறையில், 1:10,00,000 அளவில் சென்னை இருக்கும் தாள் டி-44. 1:2,00,000 அளவில் அதன் 27ஆம் பிரிவு, தாளில் ரோமன் எண்ணில் இருக்கும். 44ஐப் பார்த்ததும், உலகெங்கும் புழங்கும் யூடிஎம் ஆயமுறையின் 44ஆம் மண்டலம் என்று மென்பொருளில் கொடுத்துவிடுகிறார்கள். மைய தீர்க்கரேகை இரண்டிலும் 81 பாகைதான், அதனால் சந்தேகமே வராது. ஆனால் இது சோவியத் வரைபடங்களின் ஆயமுறையான காஸ்-க்ரூகரில் 14ஆம் மண்டலம், மென்பொருளில் கொடுக்க வேண்டிய இபிஎஸ்ஜி குறியீடு 28414. யூடிஎம் 0.9996 என்ற அளவுக் காரணியால் பெருக்குகிறது, காஸ்-க்ரூகர் பெருக்குவதில்லை. பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 1,447 கிலோமீட்டரில் இருக்கும் சென்னை, அந்த ஒரு தவறால் மட்டும் ஏறக்குறைய 580 மீட்டர் வடக்கே தள்ளிப்போகும். டேட்டம் (ஆயத்தொலைவுகளுக்கு அடிப்படையான பூமி மாதிரி) வேறு என்பதால் வரும் நகர்வு தனிக்கணக்கு.

பொருத்திய படத்தைத் தனிக்கோப்பாக வையுங்கள். மூல ஸ்கேனில் கை வைக்க வேண்டாம், நேராக்கக்கூட வேண்டாம்.