“நெட் வருதே சார்!”

மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி ஆலை. மூணு நாளா அங்கதான் கெடக்குறேன். இன்னைக்கு இதை எழுதித் தொலைக்கலைன்னா ராத்திரி தூக்கம் வராது.

வேலை ஒண்ணும் பிரமாதம் இல்ல. ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு நெட்வொர்க், கேமராவுக்கு ஒண்ணு, எடை மேடைக்கு ஒண்ணு. 192.168.10, 20, 30ன்னு மூணா பிரிச்சு ஒரு லேயர் 3 சுவிட்ச்சுல, அதாவது நெட்வொர்க்குகளுக்கு நடுவுல வழி காட்டுற சுவிட்ச்சுல, கட்டினேன். மூணுக்கும் வெளிய போக ஒரே வாசல், நெட் கம்பெனிக்காரன் மாட்டிட்டுப் போன வெள்ளைப் பெட்டி. அதோட நம்பர் 192.168.1.1, அதைப் பார்த்த பக்கம் என் சுவிட்ச்சுக்கு 1.2. தெரியாத விலாசம் எல்லாத்தையும் 1.1க்குத் தள்ளுன்னு டீஃபால்ட் ரூட்டும் போட்டாச்சு.

சுவிட்ச்சுலேர்ந்து வெளிய இருக்குற கூகுளோட 8.8.8.8க்குப் பிங் அடிச்சா, அதாவது ‘இருக்கியா’ன்னு கேட்டா, பதில் ஜோரா வருது. எடை மேடை கம்ப்யூட்டர்ல அடிச்சா ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’. 1.2 பதில் சொல்லுது, ஒரே ஒரு ஒயர் தள்ளி இருக்குற 1.1 வாயைத் தெறக்க மாட்டேங்குது.

காரணம் அந்தப் பெட்டிதான். அதுக்குத் தெரிஞ்ச உள்வீடு 192.168.1 மட்டும். சுவிட்ச் 1.2ங்குற பேர்ல கேட்டதால அதுக்குப் பதில் வந்துச்சு. எடை மேடை கம்ப்யூட்டர், அதாவது 30.15லேர்ந்து ஒரு பாக்கெட் (டேட்டா பொட்டலம்) போனா, பதிலை எந்தப் பக்கம் அனுப்புறதுன்னு தெரியாம கம்பெனிக்காரன் லைன்லயே தள்ளிவிடுது. 192.168 விலாசம் வெளி இன்டர்நெட்ல செல்லவே செல்லாது, 1996லயே ஆர்எஃப்சி 1918ங்குற இன்டர்நெட் ஏட்டுல எழுதி வச்சாச்சு. அங்கயே செத்துச்சு.

192.168.0.0 ஸ்லாஷ் 16, அதாவது 192.168ல ஆரம்பிக்குற மத்த நம்பர் எது வந்தாலும் 1.2க்கு அனுப்புன்னு பெட்டியில ஒரே ஒரு வரி. அந்த மூணு சப்நெட்டுக்கும் (நான் பிரிச்ச நெட்வொர்க்குக்கும்) சேர்த்து நாட் (NAT) பண்ணு, அதாவது உள் நம்பரை வெளி நம்பரா மாத்தி அனுப்புன்னு இன்னொண்ணு. ரெண்டு நிமிஷ வேலைங்க! பெட்டியோட பாஸ்வேர்டை கம்பெனிக்காரன் தரமாட்டானாம். சரி, பெட்டி குறுக்க வராம லைனை அப்படியே என் பக்கம் விடுற பிரிட்ஜ் மோடுல போட்டுக் குடுன்னா பிளானை மாத்தணுமாம். நாலு தடவை போன் போட்டேன், நாலு தடவையும் “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்”. ரீஸ்டார்ட் பண்ணா ரூட் முளைக்குமாடா?

அப்புறம் ஒரு பையனை அனுப்பினாங்க. வந்தான், அவன் லேப்டாப்பைப் பெட்டியில நேரா சொருகினான், ஸ்பீட் டெஸ்ட் போட்டான், முதலாளி மூஞ்சிக்கு நேரா நீட்டினான். “நெட் வருதே சார். உங்க ஆளு வயரிங்தான் தப்பு.”

அட கிராதகா! நேரா சொருகினா உனக்கு 192.168.1ல நம்பர் கெடைக்கும், வராம என்ன செய்யும்?

முதலாளிக்குப் பதினஞ்சு மா நெலம் இருக்கு. அவர் பாஷையில அவரே கேட்டார்: “கல்லணையில காவிரி, வெண்ணாறு, புது ஆறுன்னு பிரிச்சு விடுற மாதிரிதானே தம்பி? ஷட்டரைத் தூக்கினா போய்ச் சேர வேண்டியதுதானே?”

“இல்லீங்கய்யா, தண்ணி கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தா சரி, கல்லணைக்குத் திரும்பி வர வேணாம். இதுல போனது பதிலோட திரும்பி வரணும். போற வழி நான் வெட்டிட்டேன். வர்ற வழி அந்தப் பெட்டியில இருக்கு.”

கொஞ்ச நேரம் எடை மேடையையே பார்த்துக்கிட்டு இருந்தார். “அப்ப அந்தப் பையனுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?”

கடைசியில பெட்டிக்கும் சுவிட்ச்சுக்கும் நடுவுல என் காசுல ஒரு ரூட்டரைப் போட்டு, அதுலயே நாட் பண்ணி, எல்லாத்தையும் ஒரே 192.168.1 நம்பர்ல வெளிய அனுப்பிட்டேன். நாட்டுக்கு மேல நாட், அசிங்கம்தான். ஆனா மூணு நெட்வொர்க்கும் ஓடுது.

இன்னைக்குக் காலையில முதலாளி தஞ்சாவூர்லேர்ந்து போன். கேமரா ரெக்கார்டர் பழசு, வெளியிலேர்ந்து பார்க்கணும்னா வெள்ளைப் பெட்டியிலயும் போர்ட் ஃபார்வர்டை, அதாவது வெளியிலேர்ந்து வர்றதை உள்ள எங்க அனுப்பணும்ங்குறதை, மாத்தணும். மறுபடியும் அதே பாஸ்வேர்டு.

“தம்பி, போன்ல கேமரா தெரியலையே. அந்தப் பையனைக் கூப்பிடவா?”