(2025 நவம்பர் 29 ஆட்டத்துக்கு முந்தைய வாரம் எழுதியது.)

அந்த ஐந்து பேரைப் பற்றிப் பேசாமல், நம் ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி மிச்சிகனோடு ஆடும் ஆட்டத்தைப் பற்றி என்ன பேச்சு?

ஞாயிற்றுக்கிழமை நம் ரசிகர் கூட்டத்தில் நடந்தது வந்திருந்த எல்லோருக்கும் தெரியும், யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. அங்கே ஒரு தம்பி கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "மூணாவது டவுன்ல ரெண்டு யார்டு வேணும்னா, நம்மால ஓடி எடுக்க முடியுமாண்ணா?" (10 யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன்.) தம்பிக்குக் கிடைத்த பதில், "ஆட்டத்துக்கு முன்னாடி அபசகுனமாப் பேசாதப்பா." அடுத்த நிமிடமே எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்போம் என்ற பந்தயத்துக்குப் பேச்சு தாவிவிட்டது. 21 என்றார் ஒருவர், 35 என்றார் இன்னொருவர். கேட்ட பையன் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. அன்று அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது.

இந்தச் சனிக்கிழமை மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் நடக்கப்போவதைத் தீர்மானிப்பது முன்வரிசையில் நிற்கும் ஐந்து பேர். நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுக்கும் ஒரு சென்டர், அவருக்கு இருபுறமும் இரண்டு கார்டு, ஓரங்களில் இரண்டு டேக்கிள். பந்தை வீசும் குவாட்டர்பேக் ஜூலியன் சாயினின் கையும், அதைப் பிடிக்கும் ரிசீவர் ஜெரமையா ஸ்மித்தின் காலும் அந்த ஐந்து பேருக்குப் பிறகுதான் வரும். நான்கு ஆண்டுகளாக இதே பாடத்தைத்தான் மிச்சிகன் நமக்கு நடத்திக்கொண்டிருக்கிறது.

2024ஐயே எடுத்துக்கொள்வோம், வலித்தாலும் பரவாயில்லை. சொந்த மைதானம். நாம் நாட்டில் இரண்டாம் இடம். அவர்கள் ஆறு வெற்றி, ஐந்து தோல்வியோடு வந்தார்கள். அவர்களுடைய சிறந்த கார்னர்பேக் வில் ஜான்சனும் சிறந்த டைட் எண்ட் கோல்ஸ்டன் லவ்லேண்டும் களமிறங்கவே இல்லை. அவர்களுடைய குவாட்டர்பேக் ஆட்டம் முழுக்க வீசி எடுத்தது 62 யார்டு. இருந்தும் 13-10 என்று தோற்றோம். ஓட்டத்தில் அவர்கள் 172 யார்டு, நாம் 77. இந்த இரண்டு எண்ணைப் பார்த்த பிறகும் ஒருவர் குவாட்டர்பேக்கைப் பற்றி மட்டும் பேசினால் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அன்று நடுவில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். நாம் அதிகம் ஆடும் உள்பக்க ஓட்டத்தில் சென்டரும் கார்டும் சேர்ந்து எதிரே நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிளை முதலில் இரட்டையாகத் தள்ள வேண்டும். அவன் அரை யார்டு பின்வாங்கியதும் இருவரில் ஒருவர் அவனை மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டு, பின்னால் வரும் லைன்பேக்கரைப் போய்ப் பிடிக்க வேண்டும். முதல் தள்ளலில் அந்த டேக்கிள் அசையாவிட்டால் இருவருமே அவனோடு மாட்டிக்கொள்கிறார்கள். லைன்பேக்கரைத் தொட ஆளில்லை. பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் இடைவெளிக்கு வரும்போது அந்த லைன்பேக்கர் அங்கே காத்திருக்கிறான். ஒரு யார்டு. அடுத்ததும் அதேபோல. மூன்றாவது டவுனில் எட்டு யார்டு தேவை என்றானதும் அவர்கள் கடைசிக் காவலர்களான இரண்டு சேஃப்டிகளை ஆழத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள், நம் ரிசீவர்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் திறந்த இடம் கிடைப்பதில்லை. அவர்களுடைய டிஃபென்சிவ் டேக்கிள்கள் மேசன் கிரகாமும் கென்னத் கிரான்ட்டும் அன்று அசையவில்லை. அவ்வளவுதான் கதை. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

உடனே சிலர் கிக்கரைக் காட்டுவார்கள். நம் கிக்கர் ஜேடன் ஃபீல்டிங், கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோல் இரண்டைத் தவறவிட்டார், உண்மைதான். ஒன்று 34 யார்டு, இன்னொன்று 38. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோல் கோட்டிலிருந்து கம்பம் வரை எண்ட் ஸோனின் ஆழம் 10 யார்டு, பந்தைப் பின்னால் எடுத்து வைத்து உதைக்க இன்னொரு ஏழு. 17ஐக் கழித்தால் பந்து நின்றது 17ஆவது யார்டிலும் 21ஆவது யார்டிலும். அவ்வளவு தூரம் வந்துவிட்டு மூன்று டவுனில் 10 யார்டு எடுக்க முடியாத அணிதான் கிக்கரைக் கூப்பிட்டது. அந்தப் பையனை ஓராண்டாக எப்படியெல்லாம் பேசினோம் என்று நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவர்களோ கடைசிக் கட்டத்தில், மூன்றாவது டவுனில் ஆறு யார்டு தேவைப்பட்டபோதும் பந்தை வீசவில்லை. ரன்னிங் பேக் கேலல் மல்லிங்ஸிடம் கொடுத்தார்கள். 27 யார்டு ஓடினார். பிறகு 21 யார்டு கிக், ஆட்டத்தில் மிச்சம் 45 விநாடி. ஆறு யார்டு வேண்டும்போது ஓடுகிற துணிச்சல் முன்வரிசை கொடுக்கிற துணிச்சல். நமக்கு இரண்டு யார்டுக்கே அது இல்லை. தம்பி கேட்டதும் அதைத்தானே?

2021இலும் இதேதான். மிச்சிகன் 297 யார்டு ஓடியது, ஹசன் ஹாஸ்கின்ஸ் பந்தோடு எண்ட் ஸோனுக்குள் புகுந்து ஐந்து டச்டவுன் எடுத்தார், இந்தப் பக்கம் ஏடன் ஹட்சின்சன் நம் குவாட்டர்பேக்கை மூன்று முறை தரையில் சாய்த்தார். 2022 மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. இடைவேளையில் நாம் 20-17 என்று முன்னிலை. நெருக்கடி கொடுக்கிறேன் என்று ஆட்களை முன்னால் குவித்து, பின்னால் காவலைக் காலியாக விட்டோம். மிச்சிகனுக்கு 69, 75 யார்டில் இரண்டு வீச்சு, பிறகு டொனோவன் எட்வர்ட்ஸின் 75, 85 யார்டு ஓட்டங்கள். முதல் வரிசையைத் தாண்டியதும் பிடிக்க ஆள் இல்லை. இரண்டாம் பாதியில் மட்டும் அவர்கள் 28, நாம் 3.

"சார், போன வருஷம் தோத்தும் சாம்பியன் ஆனோமே" என்று ஞாயிறு அன்று மூன்று பேராவது சொன்னார்கள். இதற்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. இப்போது சாம்பியனைத் தீர்மானிப்பது 12 அணி பிளே-ஆஃப். தோற்றாலும் உள்ளே போகலாம், போனோம், டென்னசியை 42-17, ஓரிகனை 41-21, டெக்சஸை 28-14, இறுதியில் நோட்டர் டேமை 34-23 என்று அடித்தோம். ஆனால் எப்படி? மிச்சிகனிடம் பிடிவாதமாக ஆடிய அதே ஓட்டத்தை விட்டுவிட்டு, டென்னசிக்கு எதிராக முதல் டவுனிலேயே வீச ஆரம்பித்தோம். ஸ்மித்தைத் தேடி ஆழமாக வீசினோம். காவல் பின்வாங்கியது, நடுவில் ஆள் குறைந்தது, அதன் பிறகு ஓட்டம் தானாகத் திறந்தது. அணியின் பயிற்சியாளர்களே அந்தத் தோல்வியைப் பாடமாக எடுத்துக்கொண்டு ஆட்டத்தை மாற்றினார்கள். நம் ரசிகர்கள் மட்டும் கோப்பையைக் காட்டி அந்தத் தோல்வியை இல்லாததாக்கப் பார்க்கிறார்கள்.

"கிரகாமும் கிரான்ட்டும் போயாச்சு." ஆமாம், இருவரும் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் வீரர் தேர்வில் முதல் சுற்றிலேயே போனார்கள். 2021இல் கிரகாம் இருந்தாரா?

"இந்த வருஷ டிஃபென்ஸ் வேற லெவல்." ஒப்புக்கொள்கிறேன். 11 ஆட்டம், 11 வெற்றி, எந்த அணியும் நமக்கு எதிராக 16 புள்ளியைத் தாண்டவில்லை. ஆனால் 2024இலும் அவர்களை 13 புள்ளியில் நிறுத்தினோம். டிஃபென்ஸ் அன்றும் தன் வேலையைச் செய்தது. 10 புள்ளி எடுத்தால் எந்த டிஃபென்ஸும் காப்பாற்றாது.

இன்னொன்று, இந்த முறை ஆட்டம் அவர்கள் வீட்டில். 1,07,601 பேர் உட்காரும் மைதானம். சாயின் இந்த ஆண்டுதான் முழுநேரக் குவாட்டர்பேக். வீச்சுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் ரிசீவர் கைக்குப் போகிறது, அபாரம்தான். ஆனால் அந்தச் சத்தத்தில் அவர் குரல் சென்டருக்கே கேட்காது. அப்போது சைகைதான். கார்டு தலையைத் திருப்பிக் குவாட்டர்பேக்கைப் பார்ப்பார், அவர் தயார் என்று காட்டியதும் சென்டரைத் தட்டுவார், சென்டர் தலையை அசைத்துவிட்டு ஒரு துடிப்பு விட்டுப் பந்தைக் கொடுப்பார். ஓரத்தில் நிற்கும் டேக்கிள் கடைக்கண்ணால் பந்தைப் பார்த்துக்கொண்டே தன்மீது பாய்ந்து வருபவனையும் பார்க்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் குவாட்டர்பேக் விழுவார். ஊகித்து முந்தினால் ஃபால்ஸ் ஸ்டார்ட், ஐந்து யார்டு போச்சு. 2021இல் அங்கே அதைத் திரும்பத் திரும்பச் செய்தோம். தலையசைப்புக்கும் பந்துக்கும் இடையிலான துடிப்பை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வைத்தால் எதிரணி இரண்டு தொடரில் அதைப் பிடித்துவிடும். அதை ஒன்று, இரண்டு என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் பற்றி ஞாயிறு அன்று ஒரு வார்த்தை உண்டா?

ஒரு யார்டு வேண்டிய இடத்தில், குவாட்டர்பேக் சென்டரை விட்டுப் பின்னால் தள்ளி நிற்கும் ஷாட்கன் அமைப்பில் நிற்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. ரன்னிங் பேக் ஐந்து யார்டு பின்னால் பந்தை வாங்குகிறார், ஒரு யார்டு எடுக்க ஆறு யார்டு ஓட வேண்டும். அதற்குள் நடு இடைவெளி மூடிவிடும். குவாட்டர்பேக் சென்டருக்கு நேர் பின்னால் ஒட்டி நின்று பந்தை வாங்கி அப்படியே முன்னால் நுழைந்தால் போதும். "நம் கோச் ரையன் டேயை விட உனக்குத் தெரியுமா?" என்பீர்கள். தெரியாது. மிச்சிகனுக்கு எதிராக அவர் கணக்கு ஒரு வெற்றி, நான்கு தோல்வி என்பது தெரியும்.

இதெல்லாம் புதிய கவலையும் இல்லை. 1950இல் நம் ஊர் கொலம்பஸில் பனிப்புயலுக்குள் நடந்த ஆட்டத்தில் மிச்சிகன் 10 யார்டு கடந்து ஒரு புதிய முதல் டவுன்கூட எடுக்கவில்லை, ஒரு வீச்சுகூட யார் கையிலும் போய்ச் சேரவில்லை. 9-3 என்று ஜெயித்தார்கள். அவர்களுடைய ஒன்பது புள்ளியும், பந்தை எதிரணிப் பக்கம் தூர அனுப்ப நாம் உதைத்த பன்ட் உதைகளைத் தடுத்ததில் வந்தவை. முதல் பாதி முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது, மூன்றாவது டவுனிலேயே நாம் பந்தை உதைக்கப் போனோம். முன்வரிசை உடைந்தது, உதை தடுக்கப்பட்டது, டச்டவுன். நம் பயிற்சியாளர் வெஸ் ஃபெஸ்லர் பதவி விலகினார், அந்த இடத்துக்குத்தான் வுடி ஹேஸ் வந்தார். அந்த வரலாற்றைத் தெரிந்துவைத்திருக்கும் ஊரில் முன்வரிசையைப் பற்றிக் கேட்பவன் அபசகுனக்காரன் ஆகிவிட்டான்.

"எதிர்மறை", "விசுவாசம் இல்லை" என்ற சொற்களும் அன்று காதில் விழுந்தன. என்னை நோக்கி வந்ததாகவே எடுத்துக்கொள்கிறேன். தோற்ற ஆட்டங்களின் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவனுக்கு அணிமேல் பற்று இல்லையா? 35 புள்ளி என்று பந்தயம் கட்டிவிட்டு, தோற்றதும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "எப்படியும் பிளே-ஆஃப் இருக்கு" என்று போய்விடுவதற்குப் பெயர் பற்றா? கோபம் வருகிறது என்பதை மறைக்கவில்லை.

1934இலிருந்து ஒரு வழக்கம் இருக்கிறது. மிச்சிகனை வென்ற ஆண்டில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் விரல் நுனியளவு தங்கக் காற்சட்டைப் பதக்கம். அன்றைய நம் பயிற்சியாளர் ஃபிரான்சிஸ் ஷ்மிட், அவர்களும் நம்மைப்போல ஒவ்வொரு காலாகத்தான் காற்சட்டை போடுகிறார்கள் என்று சொன்னதிலிருந்து வந்தது. ஜாக் சாயர், எமேக்கா எக்புக்கா, ட்ரெவியன் ஹெண்டர்சன், ஜே.டி. துய்மொலோவாவ் எல்லோரும் 2021இல் நம் அணிக்கு வந்து நான்கு ஆண்டு ஆடினார்கள். சாம்பியன் மோதிரம் கிடைத்தது. தங்கக் காற்சட்டை கிடைக்கவில்லை. அதில் ஒருவர்கூட மோதிரம் இருக்கிறது, போதும் என்று நினைத்திருப்பார் என எனக்குத் தோன்றவில்லை.

இப்போது சானி ஸ்டைல்ஸும் கேடன் கரியும் நான்காம் ஆண்டில் இருக்கிறார்கள், மூன்று முறை மிச்சிகனிடம் தோற்றவர்கள். சென்டர் கார்சன் ஹின்ஸ்மனும் அவர்களோடு 2022இல் வந்தவர்தான். 2023இலும் 2024இலும் அந்த நடு இடத்தில் நின்று மல்லுக்கட்டியவர். அவருக்கு இடப்பக்கம் லூக் மான்ட்கோமரி, ஆஸ்டின் சீர்வெல்ட், இருவரும் போன ஆண்டுத் தோல்வியில் களத்தில் இருந்தவர்கள். சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்குப் பந்து நகர்ந்ததும் முதல் நொடியில் சாயினைப் பார்க்காதீர்கள். இந்த மூன்று பேரின் காலைப் பாருங்கள், முன்னால் போகிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று. அந்தத் தங்கக் காற்சட்டை இவர்கள் கையில் வர வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.