அலமாரிக்குள் இருந்த காடு

சி. எஸ். லூயிஸின் சிறுவர் நாவல்களில் நார்னியா என்னும் மாய உலகத்துக்கு வழிவிடும் துணி அலமாரி அவருடைய சொந்தக் கற்பனை அன்று, அது அவருக்கு முந்தைய சிறுவர் கதை எழுத்தாளர் ஈ. நெஸ்பிட்டிடமிருந்து எடுத்தது என்று நண்பர் ஒருவர் அண்மையில் எழுதியிருந்தார். அவர் சுட்டிய ஒற்றுமை உண்மையானது. ஆனால் அவர் எழுதிய தொனியில் ஒரு திருட்டுக் குற்றச்சாட்டு இருந்தது. சிறு வயதிலிருந்து இவ்விருவரையும் நேசித்துப் படித்தவன் என்பதால் அதற்குப் பதில் சொல்லத் தோன்றுகிறது.

1912இல் வெளிவந்த நெஸ்பிட்டின் 'மாய உலகம்' என்ற தொகுப்பில் அமபெல் என்னும் சிறுமியின் கதை இருக்கிறது. அத்தையின் கோபத்துக்கு ஆளாகித் தனியறையில் அடைபட்ட அவள், அங்கே கிடந்த ரயில் கால அட்டவணையைப் புரட்டுகிறாள். அதில் ஒரு நிலையத்தின் பெயர் 'விருந்தினர் அறையிலுள்ள பெரிய அலமாரி' என்ற பொருளில், இடைவெளியே இல்லாமல் ஒரே சொல்லாக அச்சாகியிருக்கிறது. அலமாரியைத் திறந்தால் உள்ளே ஒரு பளிங்கு ரயில் நிலையம்! 1950இல் வந்த முதல் நார்னியா நூலில், அலமாரி வழியே வரும் லூசி என்னும் சிறுமி எங்கிருந்து வந்தாள் என்பதைத் தவறாகப் புரிந்துகொள்ளும் ஆட்டுக்கால் மனிதர் டும்னஸ், விருந்தினர் அறையைக் குறிக்கும் 'ஸ்பேர் ரூம்' என்பதை 'ஸ்பேர் ஊம்' என்றொரு நாடாகவும், அலமாரியைக் குறிக்கும் 'வார்ட்ரோப்' என்பதை 'வார் ட்ரோப்' என்றொரு நகரமாகவும் எண்ணிக்கொள்கிறார். அதே அறை, அதே அலமாரி, இரண்டுமே ஊர்ப்பெயர்கள்! இது தற்செயலாக அமைந்தது என்று நம்புவது எனக்குக் கடினம்.

ஆனால் அறைக்கலன் வேற்றுலகமாக மாறும் கற்பனை நெஸ்பிட்டோடு தொடங்கியதும் அன்று. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜார்ஜ் மெக்டொனால்டின் 'ஃபாண்டஸ்டீஸ்' என்ற நாவல் 1858இலேயே வந்துவிட்டது. அதன் நாயகன் ஒரு காலையில் கண்விழிக்கும்போது, முகம் கழுவும் தொட்டியிலிருந்து நீர் வழிந்து ஓடையாகிறது, கம்பளத்தில் நெய்த புல் காற்றில் அசைகிறது, மேசையில் செதுக்கிய கொடி உயிர்பெற்றுப் படர்கிறது. லெதர்ஹெட் ரயில் நிலையப் புத்தகக் கடையில் 1916இல் இந்த நூலை வாங்கியபோது லூயிஸுக்கு வயது 17. அன்றிரவு தன் கற்பனை ஞானஸ்நானம் பெற்றதாகப் பின்னாளில் எழுதினார். மெக்டொனால்டைத் தன் ஆசான் என்று கருதுவதைத் தாம் ஒருபோதும் மறைத்ததில்லை என்றும், அவரை மேற்கோள் காட்டாமல் ஒரு புத்தகமும் எழுதியதாக நினைவில்லை என்றும் அவரே அறிவித்திருக்கிறார். திருடியவர் இப்படியா ஊரறியச் சொல்வார்?

லூசி அலமாரிக்குள் நடக்கும் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். காலடியில் ஏதோ நொறுங்குகிறது. அந்துருண்டையாக இருக்கும் என்று குனிந்து தொட்டால் பனி. முகத்தில் உரசிய மென்மயிர்க் கோட்டுகள், அடுத்த அடியில் குத்தும் ஊசியிலைக் கிளைகளாகின்றன. மெக்டொனால்டு கண்ணால் காணவைத்த மாற்றத்தை லூயிஸ் இருட்டில், தொடு உணர்வினால் மட்டுமே நிகழ்த்துகிறார். இந்த நுட்பம் யாரிடமிருந்தும் இரவல் வாங்கியது அன்று.

அதே நார்னியா நூலில் சிறுவனைத் தன் பனிவண்டியில் ஏற்றிப் போர்வைக்குள் அணைத்துக்கொள்ளும் வெண்ணிற அரசி, டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் 'பனி ராணி'யிலிருந்து வந்தவள் என்பதைப் பலரும் அறிவார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னோர் அரசி. நெஸ்பிட்டின் 'தாயத்தின் கதை'யில் (1906) பண்டைய பாபிலோன் அரசி லண்டனுக்கு வருகிறாள். அருங்காட்சியகத்திலுள்ள நகைகள் தன்னுடையவை என்கிறாள். வாடிய முகத்தோடு நடக்கும் உழைப்பாளிகளைக் கண்டு, உங்கள் அடிமைகளை ஏன் இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறாள், அவர்கள் கைகளில் உணவு வந்து சேரட்டும் என்று வரமும் கேட்கிறாள். ஃபேபியன் சங்கம் என்ற சோஷலிச அமைப்பை நிறுவியோரில் ஒருவரான நெஸ்பிட்டின் குரல் அது. 1955இல் லூயிஸ் எழுதிய 'மந்திரவாதியின் மருமகன்' நூலிலும் ஓர் அரசி லண்டனில் இறங்கி நகைக்கடையைச் சூறையாடுகிறாள். ஆனால் ஜேடிஸ் என்ற அந்த அரசிக்கு மனிதர்கள் ஒரு பொருட்டே அல்லர். தன் சொந்த உலகத்தை ஒரே சொல்லால் அழித்துவிட்டு வந்தவள் அவள். ஒரே காட்சியிலிருந்து ஒருவர் சமூகக் கேள்வியையும், மற்றவர் அதிகாரத்தின் கொடூரத்தையும் எடுத்திருக்கிறார்கள். கடன் எங்கிருந்து என்பதையும் லூயிஸ் மறைக்கவில்லை: நெஸ்பிட் படைத்த பாஸ்டபிள் பிள்ளைகள் லூயிஷாம் சாலையில் புதையல் தேடிக்கொண்டிருந்த காலம் என்றுதான் அந்நூலின் முதல் பக்கத்திலேயே கதையின் காலத்தைக் குறிக்கிறார்.

"இருவர் நூற்கும் ஒருசிறை தொடங்கித் திரிபுவேறு உடையது புடைநூல் ஆகும்" என்கிறது நன்னூல். முன்னோரின் ஒரு பகுதியை எடுத்துத் தன் வேறுபாட்டைச் சேர்ப்பதை ஒரு நூல் வகையாகவே நம் இலக்கணம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே நாம் கேட்க வேண்டியது, அந்தத் திரிபு என்ன என்பதையே.

அலமாரியைப் பொறுத்தவரை விடை 'மந்திரவாதியின் மருமகன்' நூலின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. நெஸ்பிட்டின் அலமாரி ஏன் வழிவிடுகிறது என்பதற்குக் காரணம் கிடையாது. லூயிஸ் அதற்கு ஒரு வேர் தருகிறார். நார்னியாவின் ஆப்பிளிலிருந்து எஞ்சிய நடுப்பகுதியை டிகரி என்ற சிறுவன் லண்டனில் தன் வீட்டுக் கொல்லையில் புதைக்கிறான். அது மரமாகிப் பின்னர் புயலில் விழுந்தபோது, வளர்ந்து பெரியவனான அவன் அந்த மரத்தின் ஒரு பகுதியைக் கொண்டு அலமாரி செய்விக்கிறான். விழுவதற்கு முன்பு, லண்டனில் காற்றே இல்லாத நாட்களிலும் அந்த மரம் சில வேளைகளில் தானாக அசையுமாம். அப்போதெல்லாம் நார்னியாவில் பலத்த காற்று வீசிக்கொண்டிருந்திருக்கும்.