நின்னா நின்னதுதான் அண்ணே, வண்டியக் குலுக்காதீங்க

ஆட்டோவுக்கு எல்.பி.ஜி. கேஸ் ஏத்துற பங்க்ல தினமும் நடக்குற கூத்து இது. மீட்டர் தானா நின்னதும் டிரைவர் அண்ணன் இறங்கி, கம்பியப் பிடிச்சு ஆட்டோவ இப்படியும் அப்படியும் ஒரு குலுக்கு குலுக்குவாரு. "போடுப்பா, இன்னும் ஏறும்." ஏறும்தான். டாங்க் உள்ள இருக்குற மிதவை ஆடி, மூடின வால்வு லேசா திறந்து, இன்னும் கொஞ்சம் உள்ள போகும். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் இவ்வளவும்!

மிஷின் ரிப்பேராகி நிக்கல அண்ணே. 20 லிட்டர் டாங்க்னா 16 லிட்டர்தான், அதாவது 80 சதவீதம். மிச்ச இடம் உங்கள ஏமாத்த விட்டது இல்ல. சூடு ஏறினா தண்ணிய விட பத்து மடங்குக்கு மேல விரியுற சரக்கு அது. அந்த இடத்தையும் அடைச்சுட்டு மே மாச மத்தியானம் ஸ்டாண்டுல போட்டீங்கன்னா அழுத்தம் எகிறி, சேஃப்டி வால்வு வழியா கேஸ் கக்கும். காத்த விட கனமானது, மேல போகாது. தரையோட தவழ்ந்து சாக்கடைக்குள்ள இறங்கும். காத்துல 2 சதவீதம் கலந்தாலே பத்திக்கும், பீடி நெருப்பு போதும். இதுல பின் சீட்டுல குழந்தையோட உட்கார்ந்திருக்கவங்கள இறங்கச் சொன்னா, "ரெண்டு நிமிஷம்தானே"ன்னு முறைக்கிறாங்க!

பங்க் ஓனருங்க மட்டும் யோக்கியமா? வண்டியில மாட்டுற குழாய் முனைய, அதான் நாசில், கழட்டுறப்போ 'புஸ்'ஸுன்னு வருமே, அது நாசிலுக்கும் வால்வுக்கும் நடுவுல மிஞ்சின திரவம். இந்த கேஸுல கலந்திருக்குற புரொபேன் கொதிக்கிறதே மைனஸ் 42 டிகிரியில. தோல்ல பட்டா நெருப்புச் சுட்ட மாதிரி கொப்புளிக்கும். ஆனா பையன் வெறுங்கையோட நிக்கிறான். கேட்டா துணி கிளவுஸ் ஒண்ணத் தூக்கிக் குடுக்குறாங்க. அது திரவத்த உறிஞ்சிக் கையிலயே பிடிச்சு வைக்கும், வெறுங்கைய விட மோசம். குளிர் தாங்குற கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் குடுக்க என்ன கேடு? நாசில் முனையில ஒரு ஓ-ரிங், சின்ன ரப்பர் வளையம். அது தேஞ்சு விரிசல் விட்டா மாட்டுற ஒவ்வொரு தடவையும் கசியும். அதக்கூட மாத்த மாட்டாங்க. அமுக்கிப் பிடிச்சாத்தான் ஓடுற பட்டனுக்கு ரப்பர் பேண்டு சுத்தி வெச்சுட்டு, அடுத்த வண்டிக்குக் காசு வாங்கப் போகச் சொல்றாங்க. ஏதாவது பிச்சுக்கிட்டா கைய எடுத்ததும் நிக்கணும்னுதான்யா அந்தப் பட்டனே இருக்கு!

பங்க்லயாவது தடுக்க ஒரு வால்வு, ஒரு அவசர பட்டன் இருக்கு. 14.2 கிலோ வீட்டு சிலிண்டரத் தலைகீழாக் கவுத்து, சின்ன மோட்டார் பம்பு வெச்சு வண்டிக்கு ஏத்துற சந்துக்கடைக்காரங்கள என்ன சொல்றது? சட்டத்துக்குப் புறம்பானதுன்னு அவங்களுக்கும் தெரியும். கசிவு இருக்கான்னு சோப்புத் தண்ணி தடவிப் பார்க்குறது கிடையாது, மூக்கால மோந்து பார்க்குறது மட்டும்தான். அந்த மோட்டார் ஸ்விட்ச் போடுறப்போ ஒரு பொறி வருமே, அதுவும் சிலிண்டர் பக்கத்துலயே, தரையோட.