பிளஸ் டூ மார்க்கையும் நீட்டையும் பாதிப் பாதி சேர்ப்பார்களா?

“மருத்துவ ரேங்க் போடும்போது பிளஸ் டூ மார்க்கில் பாதி, நீட் மார்க்கில் பாதி சேர்ப்பார்கள்.” கடலூர், சிதம்பரம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

எம்.பி.பி.எஸ். தரவரிசை நீட் மதிப்பெண்ணை மட்டுமே வைத்துப் போடப்படுகிறது. சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் அதுதான், புதுச்சேரியில் மாணவர் சேர்க்கையை நடத்தும் சென்டாக் அமைப்பின் கலந்தாய்வுக்கும் அதுதான். தனித் தேர்வு நடத்திவந்த, புதுச்சேரியில் உள்ள மத்திய அரசு மருத்துவ நிறுவனமான ஜிப்மரும் 2020 முதல் நீட்டுக்குள் வந்துவிட்டது. உயிரியலை 100க்கும், இயற்பியல், வேதியியலை 50, 50க்கும் மாற்றி 200க்குக் கட்-ஆஃப் போட்ட பழைய முறை தமிழ்நாட்டில் 2017இல் போய்விட்டது. அந்த ஞாபகம் இன்னும் பல அப்பாக்களுக்கு இருக்கிறது; வதந்தி எடுபட அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நீட் கணக்கு எளிது. 180 கேள்வி, சரிக்கு 4, தவறுக்கு 1 குறையும். 130 சரி, 30 தவறு, 20 எழுதாமல் விட்டது என்றால் 520இல் 30 போக 490. ஒரே மதிப்பெண்ணில் இருவர் வந்தால் முதலில் பார்ப்பது நீட் உயிரியல் மதிப்பெண்ணை, பள்ளி உயிரியலை அல்ல.

அப்போ பிளஸ் டூ வேண்டாமா? வேண்டும், தகுதிக்கு. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். அதற்கு மேல் மூன்றும் சேர்த்து 300க்கு 295 வாங்கினாலும் ரேங்க் ஒரு படி ஏறாது. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங் கதை வேறு. அங்கே பிளஸ் டூ மார்க்தான் ரேங்க்.